ஈசான மூலையில் வெட்டாத மின்னல்

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் சைக்கிளை நிறுத்துவதற்கு முன்பே, "தூத்துக்குடி முத்திரை அண்ணாச்சி, மகன்தான்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டார். உன் அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். தண்டலாக இருந்த மிக்கேல் அண்ணாச்சியைத் தோணி முதலாளி இறக்கிவிட்டார், தோணி இப்போது உன் பொறுப்பில், நீதான் தண்டல், புதுச் சரக்கு ஏறிவிட்டது, வாடைக்காற்று நிலைத்ததும் தெற்கே மாலத்தீவுக்குக் கிளம்புகிறாய் என்று எழுதியிருந்தாய். ஆடு மேய்த்த வீட்டுப் பிள்ளை பாய்மரத் தோணிக்குத் தலைவனாகிவிட்டான். நாகலாபுரம் பக்கம் இப்படி ஒருத்தனை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். டப்பாவைத் திறந்து ஒரு கை சர்க்கரையை என் வாயில் போட்டாள். நான் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இங்கே எல்லோரும் நலம். ஆடுகளும் நலம். நான் மட்டும் நலமில்லை. உடம்புக்கு ஒன்றும் வந்துவிடவில்லை, பயப்படாதே. உன் கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "நல்ல காற்று வந்தும் அண்ணாச்சி கிளம்பாமல் நின்றுவிட்டார். வயதாகிவிட்டது அப்பா, அவருக்குத் தைரியம் போய்விட்டது. முதலாளி கேட்டபோது உள்ளதைச் சொன்னேன்." அந்த வரியை நான் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை, தாண்டிப் போய்விட்டேன். மிக்கேலுக்குத் தைரியம் போகவில்லை, ஐயா. அன்றைக்கு அவரை நிற்கச் சொன்னது நான்தான். ஒரு பொய்யைச் சொல்லி நிறுத்தினேன். நீ இப்போது உட்கார்ந்திருக்கும் இடம் என்னுடைய பொய்யால் காலியான இடம். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் ஊர்க்கதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இதை மட்டும் விழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

புரட்டாசியில் நான் உன்னைப் பார்க்க வந்தது நினைவிருக்கும். மழை இல்லை, விதைப்புக்கு நிலம் உழுது கிடக்கிறது, வானத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மகனைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் பஸ் ஏறினேன். வந்து பார்த்தால் நீங்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தீர்கள். கச்சான் காற்று தெற்கேயிருந்தும் மேற்கேயிருந்தும் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அது அடங்கி வடக்கேயிருந்து வாடை எடுத்தால்தான் பாய்மரத் தோணி தெற்கே போகும் என்று நீ சொன்னாய். இன்ஜின் வைத்த தோணிகள் புகை விட்டுக்கொண்டு பக்கத்தில் போயின. உங்கள் தோணி வயிறு நிறைய வெங்காயத்தோடு நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து வள்ளத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனபோது, முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீரைப் பார்க்காத உன் அப்பன் உன் தோளை எப்படிப் பிடித்துக்கொண்டு வந்தான் என்பதை நீ யாரிடமும் சொல்லாமல் இருந்ததற்கு நன்றி.

முதல் நாள் குடல் வெளியே வந்துவிடும்போல் வாந்தி எடுத்தேன். நீ என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாய். சின்னப் பிள்ளைக்குப் பிடிக்கிற மாதிரி, கட்டைவிரலை ஒரு பக்கமும் மற்ற விரல்களை மறுபக்கமும் வைத்து. உனக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அப்படிப் பிடித்தது உன் அம்மா. நான் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. அறுவடை முடிந்ததும் ஆட்டை ஓட்டிக்கொண்டு மேற்கே மலையடிவாரத்துக்கும் ஆற்றுப் பாசன வயல்களுக்கும் போய்விடுவேன், திரும்பி வர மாசக்கணக்கில் ஆகும். ஒரு தடவை வந்தபோது உனக்கு நாலு வயது இருக்கும். அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அவிய எப்பம்மா போவாவ?" என்று கேட்டாய். உன் அம்மா சிரித்துச் சமாளித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் வெளியே போய் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் வெகுநேரம் நின்றேன். மரியாதையாகக் கேட்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அசலூர்க்காரரைத்தான் பிள்ளைகள் அப்படிக் கேட்கும்.

ஆனால் தோணியில் எனக்கு இரண்டாம் நாளே பழகிவிட்டது. உங்கள் ஆட்கள் ஆச்சரியப்பட்டார்கள். இதில் என்ன ஆச்சரியம்? பீப்பாய்த் தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், கடல் தண்ணீரில் குளித்துவிட்டு ஒரு செம்பு நல்ல தண்ணீரைத் தலையில் விட்டுக்கொள்ள வேண்டும் என்றார்கள். நான் அரைச் செம்பில் முடித்துக்கொண்டு மீதியைப் பீப்பாயிலேயே ஊற்றிவிட்டேன். "இவிய கரிசக்காட்டுக்காரரா, இல்ல ஒட்டகமா?" என்று சமையல்காரர் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். காலையில் தோணிக்குள் ஊறிய தண்ணீரைப் பம்பு அடித்து வெளியேற்றுவது, மேல்தட்டில் மணல் பரப்பிய பெட்டியில் விறகு வைத்துச் சோறு பொங்குவது, கிழிந்த பாயைத் தொடையில் போட்டுக்கொண்டு தைப்பது, மத்தியானம் சீட்டு, சாயங்காலம் காற்றைப் பற்றிய சண்டை. ராத்திரி சரக்குக்கு மேல் போட்ட பலகையில்தான் படுக்கை. கீழேயிருந்து வெங்காய வாடை ஏறும். தினமும் இரண்டு பேர் இறங்கி முளைத்ததையும் அழுகியதையும் பொறுக்கிக் கடலில் போட்டார்கள். காத்திருப்பதையே ஒரு வேலையாகச் செய்கிறவர்களை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. எங்களுக்குக் காத்திருப்பது என்றால் பிடரியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

அப்புறம் அந்த மழை வந்தது. ஒரு மத்தியானம் பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, "சரக்குமேல தார்ப்பாயைப் போடுங்கப்பா, இன்னும் கொஞ்ச நேரத்துல தூத்தல் விழும்" என்றேன். யாரும் அசையவில்லை. நீ மட்டும், அப்பன் சொன்னானே என்று, முறைப்போடு எழுந்து போய் இழுத்து மூடினாய். மூடி முடிக்கவும் தூற்றல் விழவும் சரியாக இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ராஜ மரியாதை. 'வானிலை அறிக்கை அண்ணாச்சி' என்று பெயர் வைத்தார்கள். மீனில் நடுத்துண்டு எனக்குத்தான். நீ அவர்களிடம், "எங்கப்பா மானத்தைப் பாத்துச் சொன்னா தப்பாது" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டே கேட்டேன். என்னைப் பற்றி நீ யாரிடமும் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. வாயில் ஈ போவது தெரியாமல் படுத்துக் கிடந்தேன்.

வாடை எடுத்த அன்று விடிவதற்குள் எனக்கு முழிப்பு வந்துவிட்டது. காது மடலில் காற்று மாறியது தெரிந்தது. எழுந்து முன்பக்கம் போனேன். மிக்கேல் அங்கே கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். நீ அந்தப் பக்கம் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய்.

"என்ன அண்ணாச்சி, ஒங்க மானம் என்ன சொல்லுது?" என்றார். "வாடை எடுத்துட்டு. இன்னைக்கு நங்கூரத்தைத் தூக்கிருவோம்னு பாக்குதேன்."

வானம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. வடகிழக்கே, நாங்கள் மழைக்குப் பார்க்கிற ஈசான மூலையில், ஒரு துளி மேகம் இல்லை. "கிளம்புங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தைக்கு அப்புறம் வள்ளத்தில் என்னை இறக்கிவிடுவார்கள், நான் கரையில் நின்று பாயைப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போக வேண்டும். உனக்கு வயது இருபத்தொன்பது. அதில் உன்னோடு நான் சேர்ந்தாற்போல் இருந்த நாட்கள் அந்தத் தோணியில் இருந்ததுதான். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று இருந்தது. பசிக்கிறவன் இலையை எடுக்க விடாமல் கையை வைப்பானே, அப்படி.

"ராத்திரி ஈசான மூலையில மின்னல் வெட்டிக்கிட்டே கெடந்துச்சு அண்ணாச்சி" என்றேன். "ரெண்டு நாள் பொறுத்துப் போனா நல்லது."

"நெசமாவா?"

"எங்க ஊர்ல அந்த மின்னலைப் பாத்துட்டா ஆட்டைக்கூட வெளிய பத்த மாட்டோம்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பி உன்னைப் பார்த்தார். பீடியை எறிந்துவிட்டு, "சரி, நிப்போம்" என்றார். அவ்வளவுதான். விடிந்ததும் பக்கத்துத் தோணிகள் ஒவ்வொன்றாகப் பாயை விரித்துக்கொண்டு போயின. உங்கள் ஆட்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். தண்டல் நில் என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது என்பது தோணி வழக்கம், யாரும் கேட்கவில்லை. நீ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய். நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒன்றும் அறியாதவன் மாதிரி, "விடுலே, அவருக்குத் தெரியாததா" என்றேன். பொய்யைவிட அந்தச் சமாதானம்தான் இப்போது என்னைக் கூசவைக்கிறது.

அந்த இரண்டு நாளும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைத்தால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். நீ என்னைப் பெட்டிமேல் உட்காரவைத்து முகம் மழித்துவிட்டாய். தோணி ஆடுகிறது, சவரக்கத்தி என் தொண்டையில் இருக்கிறது, நீ அலை தூக்கும்போது கையை எடுத்து, இறங்கும்போது வைத்து, பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி மழித்தாய். "சின்னப்பிள்ளையில ஒங்கள எனக்கு ஆகாதுப்பா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். "இப்ப?" என்று கேட்டேன். "இப்பப் பரவாயில்ல" என்றாய். அந்தப் 'பரவாயில்ல'யை நான் ஊர் வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கயத்தாறு, கோவில்பட்டி என்று சுற்றிக்கொண்டு வந்தது பஸ். எனக்குத் தூரமே தெரியவில்லை.

நான் இறங்கிப் போன அன்றே, நீங்கள் நங்கூரத்தைத் தூக்குவதற்குள், கச்சான் திரும்பிவிட்டது என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன். புரட்டாசி தாண்டி ஐப்பசி பிறந்தும் அது நிற்கவில்லையாம். முன்னால் போன தோணிகள் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகிற பேச்சு வந்த நேரத்தில் உங்கள் வெங்காயம் பச்சைத் தளிர் விட்டு, நீர் வடிந்து, கடைசியில் கூடை கூடையாகக் கடலில் கொட்டினீர்கள். முதலாளி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, யார் நிறுத்தினது என்று கேட்டார். மிக்கேல், "நான்தான்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். முதலாளி உன்னைக் கேட்டார், நீ உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். உன்மேல் தப்பு இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாய். ஆனால் உன்னைக் கைபிடித்து அந்த வேலையில் ஏற்றிய மனிதனை நீ கோழை என்று சொல்லும்படி ஆனது. அதைச் சொல்லவைத்தது என் நாக்கு.

உன் கடிதம் வந்த மறுநாள் நான் தூத்துக்குடிக்கு வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. நேரே மிக்கேல் வீட்டுக்குப் போனேன். வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கோடாலியைப் போட்டுவிட்டு, "வாங்க அண்ணாச்சி, பய எப்படி இருக்கான்? பழைய பாயை மாத்திட்டானா?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பஸ்ஸில் நான் கோத்து வைத்திருந்த பேச்செல்லாம் போய், "அன்னைக்கு மின்னல் வெட்டல அண்ணாச்சி, நான் பொய் சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நானும் முழிச்சுத்தான கெடந்தேன். ஈசான மூலை சுத்தமா இருந்துச்சு. ஒரு வெட்டு வெட்டல."

"பெறகு ஏன் நின்னீய?"

"ஒரு மனுசன் மகனோட ரெண்டு நாள் இருக்கணும்னு இல்லாத மின்னலை இழுத்துட்டு வாராரு. அதுக்கு மேல அவர்கிட்ட என்ன கேக்க? வாடை நாலு நாளு நிக்கும்னு நெனச்சேன். நிக்கல. காத்துக் கணக்கை நான் தப்பாப் போட்டேன். அது என் பாடு, ஒங்க பாடு இல்ல."

"முதலாளிகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்ல? விருந்தாளி கேட்டாவ, நான் நிப்பாட்டினேன்னா? தண்டல் நிப்பாட்டுனா தண்டல் நிப்பாட்டுனதுதான்."

காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். கிளம்பும்போது அவர் என்னோடு தெருமுனை வரை நடந்து வந்தார். "பயகிட்ட இதைச் சொல்லிராதீய அண்ணாச்சி. மொதத் தடவை சுக்கானைப் பிடிக்கப் போறான். கை நடுங்கிரக் கூடாது" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவர் என்னை ஏசியிருந்தால் லேசாகத் திரும்பியிருப்பேன். தெரிந்தே எனக்காக நின்ற மனிதன், வேலையை இழந்த பிறகும் உன் கை நடுங்கக் கூடாது என்று கவலைப்படுகிறார். பெற்றவன் நான், அந்தக் கவலை எனக்கு அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? எனக்கு வந்ததெல்லாம் என் மனசு ஆறவேண்டும் என்ற கவலைதான்.

இரண்டு நாளாக யோசித்தேன். அவர் சொன்னதுபோல் வாயை மூடிக்கொள்வதுதான் நல்லது என்றும் பட்டது. உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே, "அன்னைக்கு அவனைக் கேக்காம நிப்பாட்டுனீய. இன்னைக்கு அவனைக் கேக்காம அனுப்பப் போறீயளாக்கும்?" என்றாள். முறம் பலமாகச் சத்தம் போட்டது. அவள் சொன்னது சரி. உனக்குத் தெரியாமல் உன் பயணத்தில் ஒரு தடவை கை வைத்தேன், இன்னொரு தடவை வைக்க மாட்டேன். கை நடுங்கினால் நடுங்கட்டும். உண்மை தெரிந்து நடுங்குகிற கை பரவாயில்லை.

அப்பன் என்ற முறையில் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்கிறேன், வாய் சும்மா இருக்காது. கிளம்பலாமா வேண்டாமா என்று உன்மேல் பிரியம் வைத்தவர்களிடம் கேட்காதே. அவர்கள் வானத்தைப் பார்க்க மாட்டார்கள், உன்னைத்தான் பார்ப்பார்கள். ஏன் என்று தண்டலைக் கேட்கக் கூடாது என்ற வழக்கத்தை உன் தோணியில் கொஞ்சம் தளர்த்திப் பார். அன்றைக்கு ஒருத்தன் கேட்டிருந்தால் மிக்கேல் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்தான், ஆனால் வானத்தைப் பற்றி என்னைத்தான் கேட்டிருப்பார்கள், நான் எல்லோர் முன்னாலும் நின்று இரண்டாம் முறை அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதற்கு எனக்குத் துணிச்சல் இருந்திருக்காது. அப்புறம், ஒருவன் பேசாமல் நிற்கிறான் என்பதற்காக அவனுக்குப் பயம் என்று முடிவு கட்டிவிடாதே. இதை உன்னைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. நீ அப்படி நினைக்கும்படி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை நானே கொண்டுவந்து, உங்கள் வள்ளம் தள்ளுகிறவரிடம் கொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன். தோணிக்கு வர மாட்டேன். என்னைத் தேடிக் கரைக்கும் வராதே. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நங்கூரத்தைத் தூக்குவதற்கு முன்னால் மிக்கேல் வீட்டுக்கு ஒரு நடை போய் வா. அங்கே என்ன பேசுவாய், பேசுவாயா, சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாயா என்பதெல்லாம் உன் இஷ்டம். அவரைத் திரும்ப அழைத்துக்கொள்வதோ, தோணியை நீயே கொண்டுபோவதோ உன் முடிவு. நீ சொன்னால் முதலாளி முன்னால் வந்து நின்று நடந்ததைச் சொல்கிறேன், எத்தனை பேர் இருந்தாலும் சொல்கிறேன். நீ வேண்டாம் என்றால் வரவில்லை. இனி என்னை 'ஆகாது' என்று நீ முடிவு பண்ணினாலும், ஏன் என்று கேட்க மாட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து அம்மாவுக்கு ஒரு வரி எழுது, அது போதும். ஆனால் கிளம்புகிற நாள் எது என்று மட்டும் எனக்கு முன்கூட்டியே தெரிவிக்காதே, ஐயா. தெரிந்தால் நான் மறுபடியும் ஏதாவது சொல்லி உன்னை நிறுத்திவிடுவேன்.